உங்கள் தெருவைப் பாதுகாப்பாக்க உள்ளாட்சியோடு வேலை செய்வது எப்படி?

"எங்கள் தெருவில் வண்டிகள் கண்மூடித்தனமாகப் பறக்கின்றன, உடனே நடவடிக்கை எடுக்கவும்." இப்படி ஒரு மனு எல்லா உள்ளாட்சி அலுவலகத்துக்கும் தினமும் வந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் அது யாரையும் அசைப்பதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் தெருவின் மேல் பகை எதுவும் கிடையாது. கையில் வந்த காகிதத்தை வைத்து அடுத்த வேலையை அவரால் தொடங்க முடிகிறதா என்பதுதான் விஷயம். எந்த இடம், யாருடைய ரோடு, எந்த நேரத்தில் என்ன ஆபத்து என்று தெரியாத மனுவை நல்ல மனமுள்ள பொறியாளரால்கூட நகர்த்த முடியாது.

நகர்த்தக்கூடிய மனுவை எப்படித் தயார் செய்வது, கொடுத்த பிறகு அதன் பின்னால் எப்படிப் போவது என்று படிப்படியாகப் பார்ப்போம். ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு பதவிப் பெயர்களும் படிவங்களும் மாறும். வேலை நடக்கும் விதம் பெரிதாக மாறுவதில்லை.

முதலில் ஒரே ஓர் இடம்

தெரு முழுவதையும் ஒரே மூச்சில் திருத்தப் பார்க்காதீர்கள். காலையில் ஒரு முறை, பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை நடந்து பாருங்கள். முடிந்தால் ஒரு வயதானவரையோ, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருப்பவரையோ கூட அழைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் தாண்டிப் போகும் உடைந்த நடைபாதை விளிம்பு அவர்களை ரோட்டில் இறங்க வைக்கும். எரியாத விளக்கு, திருப்பத்தை மறைக்கும் மரக்கிளை, மூடியில்லாத வடிகால், கடக்க வழியில்லாத பஸ் நிறுத்தம் என்று கண்ணில் படும் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் முழுவதையும் கொடுத்தால் அது நான்கு பிரிவுகளுக்குப் பிரிந்து போகும். நான்கும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும். ஒரே ஓர் இடம், ஒரே ஒரு குறை என்றால் அதற்கு ஒருவர் பொறுப்பேற்றுத்தான் ஆகவேண்டும். யாருக்கு ஆபத்து அதிகமோ அந்த இடம் முதலில். இரண்டு இடங்கள் சமமாகத் தெரிந்தால், சீக்கிரம் முடியக்கூடியதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு விளக்கு எரிந்துவிட்டால் அக்கம்பக்கத்தாருக்கு நம்பிக்கை வரும். அடுத்த வேலைக்கு ஆள் சேரும்.

ரோடு யாருடையது?

புதிதாக இறங்குபவர்களுக்கு அதிக நேரம் வீணாவது இங்கேதான். உங்கள் வீட்டு வாசலில் ஓடுகிற ரோடு நகராட்சியுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அகலமான ரோடு பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும். புதுக் குடியிருப்புகளில் ரோடு இன்னும் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படாமல் கட்டுமான நிறுவனத்தின் பெயரிலேயே கிடக்கலாம். விளக்குக் கம்பம் மின் நிறுவனத்தின் பொறுப்பாகவும், அதில் எரியும் விளக்கு உள்ளாட்சியின் பொறுப்பாகவும் இருக்கும். சிக்னல் ஒருவரிடம், வேக வரம்பை அறிவிக்கும் அதிகாரம் இன்னொருவரிடம், மீறுபவரைப் பிடிக்கும் வேலை போக்குவரத்துக் காவலரிடம்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. உள்ளாட்சிப் பொறியியல் பிரிவுக்குப் போய், புகார் எதுவும் சொல்லாமல், "இந்த ரோட்டுக்குக் கடைசியாகத் தார் போட்டது யார்?" என்று மட்டும் கேளுங்கள். போட்டவர்தான் பெரும்பாலும் பராமரிப்பவர். வாய்மொழியாகப் பதில் கிடைக்காவிட்டால் எழுத்தில் கேட்கலாம். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அரசிடமிருந்து தகவல் கேட்டுப் பெறும் சட்டம் இருக்கிறது. 1766-லேயே ஸ்வீடன் இதைத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 2005-லும் இலங்கையில் 2016-லும் வந்தது. இதை மிரட்டலாகப் பயன்படுத்தாமல் ரோட்டின் பெயர், பராமரிக்கும் துறை, அடுத்த பராமரிப்பு எப்போது என்ற மூன்றை மட்டும் கேட்டால் பதில் நேராக வரும்.

நின்று எண்ணுங்கள்

"வேகமாகப் போகிறார்கள்" என்பது உங்கள் கருத்து. "பத்தில் ஆறு வண்டிகள் வரம்பைத் தாண்டிப் போகின்றன" என்பது தகவல். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு டேப்பும் ஒரு கைபேசியும் ஒரு மாலை நேரமும்தான்.

ரோட்டோரமாக 50 மீட்டர் அளந்து, இரண்டு முனைகளிலும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மின்கம்பமும் ஒரு மரமும் சரியான தூரத்தில் அமைந்தால் அதுவே போதும். வண்டியின் முன்சக்கரம் முதல் அடையாளத்தைத் தொடும்போது கைபேசியின் ஸ்டாப்வாட்சைத் தட்டி, இரண்டாவதைத் தொடும்போது நிறுத்துங்கள். 180-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 6 நொடி என்றால் 30 கி.மீ.; 4.5 நொடி என்றால் 40, 3.6 நொடி என்றால் 50. விரல் 0.2 நொடி பிந்தினால் 50 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 3 கி.மீ. பிசகும். நேரான ரோடு நீளமாக இருந்தால் 100 மீட்டர் அளந்து 360-ஐ வகுத்துக்கொள்ளுங்கள், பிழை பாதியாகும்.

சில விஷயங்களில் கவனம் வேண்டும். ரோட்டோரத்தில் ஒளிரும் சட்டையும் நோட்டுப் புத்தகமுமாக நின்றால் ஓட்டுநர்கள் போலீஸ் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஒரு வீட்டு வாசலிலோ மாடியிலோ உட்காருங்கள். முன்னால் போகும் வண்டியை ஒட்டி ஊர்ந்து வரும் வண்டிகளைச் சேர்க்காதீர்கள். அவை நெரிசலின் வேகத்தில் போகின்றன. வேகமாகப் போவதை மட்டும் பொறுக்கி எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்காமல், தனியாக வரும் ஒவ்வொரு வண்டியையும் வரிசையாக எழுதுங்கள். வண்டி எண்ணைக் குறிக்க வேண்டாம். யாரையும் பிடித்துக் கொடுப்பது உங்கள் நோக்கம் கிடையாது.

100 வண்டிகள் ஆனதும் வேகத்தின்படி வரிசைப்படுத்துங்கள். அதிவேகமான 15-ஐ ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதில் உச்சத்தில் நிற்கும் வேகத்தை எடுங்கள். 85-ஆம் சதமான வேகம் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். உலகெங்கும் ரோட்டு வேகத்தைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முதலில் கேட்கும் எண் இது. சராசரியைச் சொன்னால் தலையாட்டுவார்கள். இதைச் சொன்னால் பேனாவை எடுப்பார்கள்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் சொல்வதற்குச் சில கணக்குகள். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த நல்ல ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்கச் சுமார் 13 மீட்டர் வேண்டும். 50 கி.மீ. என்றால் சுமார் 28 மீட்டர். அதாவது முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் அடையும்போது அதன் பிரேக் அப்போதுதான் பிடிக்கத் தொடங்குகிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் வரம்பு 30 கி.மீ. இருக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய நாடுகளின் அமைச்சர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் பிரதான சாலைகள் தவிர மற்ற தெருக்கள் எல்லாவற்றுக்கும் 1992-லேயே இந்த வரம்பைக் கொண்டுவந்துவிட்டது. 2021 மே மாதம் முதல் ஸ்பெயினில் திசைக்கு ஒரே ஒரு தடம் உள்ள நகரத் தெருக்களுக்கு இதுதான் சட்டம்.

வேகம் மட்டும் போதாது. கடப்பவர்களையும் எண்ணுங்கள்: ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை, ஊன்றுகோலோடு எத்தனை பேர். சிக்னல் இருந்தால் நடப்பவருக்குப் பச்சை எத்தனை நொடி எரிகிறது என்று பாருங்கள். நடக்கும் வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். 14 மீட்டர் அகல ரோட்டைக் கடக்க அந்தக் கணக்கில் 12 நொடி போதும். முட்டி வலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 17 நொடிக்கு மேல் ஆகும். அந்த ஐந்து நொடியும் அவர் நகரத் தொடங்கிவிட்ட வண்டிகளுக்கு முன்னால்தான் இருப்பார். சிக்னல் நேரத்தை மாற்றத் தோண்ட வேண்டியதில்லை, டெண்டர் வேண்டியதில்லை. அதனால் இது கேட்டவுடன் நடக்கக்கூடிய திருத்தங்களில் ஒன்று.

நூலிழையில் தப்பிய சம்பவங்களையும் தேதி, நேரம், இடத்தோடு குறித்து வையுங்கள். சின்ன அடிகளும், தானாகச் சறுக்கி விழுந்த சைக்கிள்காரரும் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறுவது குறைவு. "இங்கே விபத்தே நடந்ததில்லையே" என்ற பதிலுக்கு உங்கள் குறிப்பேடுதான் மறுமொழி.

வேகத்தடை மட்டும்தானா?

தெருக்காரர்களைக் கூட்டி என்ன வேண்டும் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் வேகத்தடை என்பார்கள். அது நல்ல கருவிதான். ஆனால் கேட்பதற்கு முன் அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரிட்டனின் ரோடு ஆராய்ச்சிக்கூடம் 1970-களில் சோதித்து வடிவமைத்த தடை, வண்டி போகும் திசையில் சுமார் 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. வரை உயரமும் கொண்டு, வட்டத்தின் துண்டைப் போல மெல்ல ஏறி இறங்கும். மெதுவாகப் போனால் உடம்பு ஆடாது. வேகமாகப் போனால்தான் தூக்கிப்போடும். ஓட்டுநருக்கு மெதுவாகப் போக ஒரு காரணம் கிடைக்கிறது. இதற்கு மாறாக, ஒரு முழ அகலத்தில் கூராக எழுப்பிய மேடு என்ன செய்யும்? மெதுவாகப் போகிறவரின் இடுப்பை ஒடிக்கும். வேகமாகப் போகும் காரின் சஸ்பென்ஷன் அதை விழுங்கிவிடும். இருட்டில் வரும் இருசக்கர வண்டியைக் கவிழ்க்கும். பெயின்ட் அழிந்த பிறகு அதுவே விபத்துக்குக் காரணமாகிவிடும். தெருக்காரர்களே இரவோடு இரவாகக் கல்லும் சிமென்ட்டும் போட்டு எழுப்பும் தடைகள் பெரும்பாலும் இந்த வகை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யாராவது விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது போட்டவர்.

ஆம்புலன்ஸும் பஸ்ஸும் போகும் ரோட்டில் முழு அகலத் தடைக்குப் பொறியாளர் தயங்குவார். தயக்கம் நியாயமானது. அங்கே மேல்பகுதி தட்டையாக, நீளமாக இருக்கும் மேடை வடிவத் தடையைக் கேட்கலாம். அதன் மேலேயே ஜீப்ரா கோடு போட்டால் நடப்பவர்கள் நடைபாதை மட்டத்திலேயே கடந்துவிடுவார்கள். அகலமான அச்சு உள்ள வண்டிகளின் சக்கரங்கள் இரண்டு பக்கமும் இறங்கிப் போகும்படி இடைவெளி விட்ட மெத்தை வடிவத் தடைகளும் உண்டு. எதைப் போட்டாலும் மழைநீர் எங்கே போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பல தெருக்களில் உண்மையான கோளாறு வேகமே கிடையாது, முக்குதான். தெரு முனை எவ்வளவு அகலமாக வளைகிறதோ அவ்வளவு வேகமாக வண்டி திரும்பும். அந்த வளைவை இறுக்கி, நடைபாதையைக் கொஞ்சம் ரோட்டுக்குள் நீட்டினால் வண்டி தானாகவே மெதுவாகத் திரும்பும், கடக்க வேண்டிய தூரமும் குறையும். முக்கை ஒட்டி நிற்கும் வண்டிகள் இன்னொரு பிரச்சினை. நின்றிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு ஏழு வயதுப் பிள்ளை எட்டிப் பார்க்கும்போது, ஓட்டுநருக்கு அந்தப் பிள்ளையின் நெற்றிகூடத் தெரியாது. கலிபோர்னியாவில் கடக்கும் இடத்துக்கு முன்னால் 20 அடிக்குள், அதாவது சுமார் 6 மீட்டருக்குள், வண்டி நிறுத்தக் கூடாது என்ற சட்டத்தின்படி 2025 முதல் அபராதம் விதிக்கிறார்கள். இதற்குத் தேவை நாலு கோடும் இரண்டு கம்பமும். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேலை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அகலமான ரோட்டில் நடுவே நின்று மூச்சுவிட ஒரு திட்டு, நடைபாதை விளிம்பில் சரிவு, கடக்கும் இடத்தின் மேல் நேராக விழும் விளக்கு என்று இன்னும் பல உண்டு. வெறும் "மெதுவாகச் செல்லவும்" பலகையை மட்டும் கேட்டு வாங்கி வராதீர்கள். கொடுப்பவருக்குச் சுலபம், ஓட்டுநர் மூன்றாம் நாளே அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு முரணான யோசனை: மனுவில் தீர்வை எழுதாதீர்கள். தீர்வைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போது பயன்படும். "வேகத்தடை வேண்டும்" என்று எழுதினால், விதிப்படி அங்கே வேகத்தடை கூடாது என்ற ஒரு வரிப் பதிலோடு கோப்பு மூடப்படும். "பள்ளி விடும் நேரத்தில் இங்கே பாதுகாப்பாகக் கடக்க முடியவில்லை" என்று எழுதினால், அதை அப்படி மூட முடியாது. எது பொருந்தும் என்று யோசிக்கும் வேலை அவர்கள் கைக்குப் போய்விடும்.

பக்கத்து வீட்டுக்காரர்

தெருவில் எல்லோரும் உங்கள் பக்கம் என்று நினைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகாதீர்கள். வேகத்தடை யார் வாசலில் வருகிறதோ அவருக்கு இரவெல்லாம் லாரி குலுங்கும் சத்தம். முக்கில் நிறுத்தத் தடை வந்தால் அங்கே வழக்கமாக வண்டி விடுபவருக்கு இடம் போகும். கடைக்காரருக்குச் சரக்கு இறக்கும் கவலை. வேலை தொடங்கிய பிறகு எழும் ஓர் எதிர்ப்பு மனு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிடும்; பொறியாளர் அடுத்த தடவை உங்கள் தெருப் பக்கமே வரமாட்டார்.

அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் முதலில் போங்கள், கையெழுத்துக் கேட்காமல், அவர் சொல்வதைக் கேட்கப் போங்கள். "சரி, தடையைப் பத்து மீட்டர் தள்ளிப் போட்டால் பரவாயில்லையா?" என்ற அளவில் பல சண்டைகள் முடிந்துவிடும். ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் அதையும் மறைக்காமல் மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.

கையெழுத்து எத்தனை என்பதைவிட யாருடையது என்பது முக்கியம். பள்ளித் தலைமையாசிரியர், பஸ் ஓட்டுநர், மாற்றுத்திறனாளி ஒருவர், எதிர்ப்பார் என்று எல்லோரும் நினைத்த கடைக்காரர் என நாலு பேர் சேர்ந்தால் ஐம்பது உறவினர் கையெழுத்தைவிடக் கனமாக இருக்கும்.

மனு ஒரு பக்கம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இப்படி இருக்கலாம்:

"நூலகத்துக்கு எதிரே, 14-ஆம் எண் விளக்குக் கம்பத்தின் அருகே, தெருவைக் கடக்கும் இடம். பள்ளி நாட்களில் மாலை 3.30 முதல் 4.30 வரை 140 பேர் கடக்கிறார்கள். அதில் 95 பேர் மாணவர்கள். வேக வரம்பு 30 கி.மீ. நாங்கள் அளந்த 100 வண்டிகளில் 85-ஆம் சதமான வேகம் 46 கி.மீ. கடக்கும் இடத்தை ஒட்டி வண்டிகள் நிற்பதால் இரு பக்கமும் பார்வை மறைகிறது. மேற்படி நேரத்தில் இடத்தைப் பார்வையிட்டு, பாதுகாப்பாகக் கடக்க ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். அளவீட்டுத் தாள், இரண்டு படங்கள், வரைபடம் இணைப்பு."

எண்கள் மாதிரிக்குத்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். "பொதுமக்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள்" போன்ற வரிகள் வேண்டாம். படத்தில் ஒன்று ஓட்டுநர் பார்வையிலிருந்து, இன்னொன்று குழந்தையின் கண் உயரத்திலிருந்து எடுத்தது. இரண்டாவது படம் பேசாமலேயே நிறையச் சொல்லும். கைப்பட வரைந்த வரைபடம் போதும். வடக்கு எது, தூரம் எவ்வளவு என்று மட்டும் குறித்திருக்க வேண்டும்.

கொடுத்த பிறகுதான் வேலை

நேரில் கொடுத்தால் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். இணையத்தில் கொடுத்தால் பதிவு எண்ணைப் படம் பிடித்து வையுங்கள். ஒப்புகை இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம்.

கவுன்சிலரிடம் போவதா, பொறியாளரிடம் போவதா என்று பலர் குழம்புவார்கள். இரண்டு பேரிடமும் வெவ்வேறு விஷயத்துக்காகப் போக வேண்டும். என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்பது பொறியாளர் கையில். எந்த வேலைக்கு முதலில் பணம் என்பது கவுன்சிலர்களின் கூட்டத்தில். பொறியாளரைத் தாண்டி நேரே கவுன்சிலரிடம் போய் அழுத்தம் கொடுத்தால் பொறியாளரின் மனம் கசந்துவிடும். முதலில் பொறியாளரைப் பார்த்து, "இதற்கு நிதி ஒதுக்க வேண்டுமென்றால் நாங்கள் யாரிடம் பேச வேண்டும்?" என்று அவரிடமே கேட்டால், வழியும் தெரியும், அவர் துணையும் கிடைக்கும்.

பட்ஜெட் நாட்காட்டியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிதியாண்டு தொடங்கிய பிறகு புது வேலைக்குப் பணம் இருப்பது அரிது. அடுத்த ஆண்டுக்கான பட்டியல் பல மாதம் முன்பே தயாராகத் தொடங்கிவிடும். அந்தப் பட்டியல் திறந்திருக்கும் நேரத்தில் உங்கள் மனு மேசையில் இருக்க வேண்டும். பெயின்ட், பலகை, கிளை வெட்டுதல், விளக்கு மாற்றுதல் போன்றவை பராமரிப்புச் செலவில் நடந்துவிடும். அவற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

கள ஆய்வுக்கு வருகிறோம் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனால் அதிகாரிகள் வழக்கமாகக் காலை பதினொரு மணிவாக்கில் வருவார்கள். அந்த நேரத்தில் உங்கள் தெரு சாதுவாக இருக்கும். மனுவில் எழுதிய நேரத்துக்கே வரும்படி முன்கூட்டியே, பணிவாக, விடாமல் கேளுங்கள். இருபது பேர் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு குறை சொன்னால் வந்தவர் எப்போது கிளம்பலாம் என்றுதான் பார்ப்பார். இரண்டு மூன்று பேர் போதும். பேச்சைக் குறைத்து, அவரை ஒரு தடவை ரோட்டைக் கடக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தைத் தள்ளுவண்டியோடு என்றால் இன்னும் நல்லது. அன்று மாலையே, "இன்னார் வந்தார்கள், இதைச் செய்வதாகச் சொன்னார்கள்" என்று நாலு வரியில் நன்றிக் கடிதம் அனுப்பிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கோப்பில் ஏற இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பதில் வராதபோது நினைவூட்டல் மாதம் ஒரு முறை, அதே பதிவு எண்ணோடு. தினமும் போன் அடிப்பவரின் எண்ணை எடுக்க மாட்டார்கள்.

"முடியாது" என்று வந்தால்

மறுப்புகள் சில வகைதான். "நிதி இல்லை" என்றால் எந்த ஆண்டுப் பட்டியலில் சேர்க்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள். "எங்கள் ரோடு இல்லை" என்றால் சரியான துறைக்கு மனுவை அனுப்பி வைத்து, அதன் நகலைத் தரச் சொல்லுங்கள். "விதிமுறையில் இடமில்லை" என்றால் எந்த விதி, எந்தப் பிரிவு என்று கேட்டு வாங்கிப் படியுங்கள். சில நேரம் விதி அப்படிச் சொல்லியிருக்காது. பழக்கம் விதியாகிப் போயிருக்கும். சில நேரம் உண்மையிலேயே சொல்லியிருக்கும், அப்போது வேறு கருவியைப் பேசலாம்.

"இங்கே உயிரிழப்பு இல்லையே" என்பதுதான் கேட்கவே கசப்பான பதில். 1997-இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட "விஷன் ஜீரோ" கொள்கை இந்த மனப்போக்கைத் திருப்பிப் போட்டது: மனிதர்கள் தவறு செய்யத்தான் செய்வார்கள், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி ரோட்டை அமைப்பது அதை வடிவமைப்பவர்களின் பொறுப்பு என்றது. அதன்பின் பல நாடுகளும் நகரங்களும் இதை எடுத்துக்கொண்டன. உங்கள் உள்ளாட்சியும் இப்படி ஏதாவது ஓர் இலக்கை ஏற்றிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அவர்கள் ஏற்றுக்கொண்ட வரியையே அவர்களுக்கு மேற்கோள் காட்டலாம்.

எல்லாம் முட்டிக்கொண்டால் சோதனை ஓட்டம் கேளுங்கள். நிரந்தரமாகக் கட்டச் சொல்லாமல், அனுமதியோடு சில வாரத்துக்குப் பெயின்ட்டும் பிளாஸ்டிக் கம்பங்களும் வைத்து முக்கைச் சுருக்கிப் பார்க்கலாம் என்பது. பயன் இல்லையென்றால் எடுத்துவிடலாம் என்பதால் சம்மதிப்பதற்குத் துணிச்சல் வேண்டியதில்லை. நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் 2009-இல் பிராட்வேயின் ஒரு பகுதியை வண்டிகளுக்கு மூடி, மடக்கு நாற்காலிகளைப் போட்டு இப்படித்தான் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அதை நிரந்தரமாக்குவதாக நகர நிர்வாகம் அறிவித்தது. உங்கள் முக்கு அதைவிடச் சின்னது.

வேலை முடிந்த பிறகு

அதே 50 மீட்டர், அதே நேரம், மறுபடி 100 வண்டிகள். புதுசு பழகும்வரை சில வாரம் விட்டு அளந்து பாருங்கள். 46 கி.மீ. 33 ஆகியிருந்தால் அந்தத் தாளைப் பொறியாளருக்கும் கவுன்சிலருக்கும் நன்றியோடு அனுப்புங்கள். அடுத்த தெருவுக்கு நிதி கேட்கும்போது அவர்கள் காட்டுவதற்கு அது உதவும். குறையவில்லையென்றால் அதையும் அனுப்புங்கள். பக்கத்துத் தெருவையும் ஒரு தடவை பாருங்கள், உங்கள் தெருவை விட்ட வண்டிகள் அங்கே புகுந்திருக்கலாம்.

பெயின்ட் தேயும், கம்பம் சாயும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுத்துப் பழைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பலாம். இன்னொன்று, பலருக்குத் தெரியாமல் போவது: ரோட்டுக்குப் புதிதாகத் தார் போடும்போது வேகத்தடையும் கோடுகளும் அடியில் போய்விடும். திரும்பப் போட வேண்டும் என்று வேலை ஆணையில் இல்லையென்றால் ஒப்பந்ததாரர் போட மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தார் போடும் பட்டியலில் உங்கள் தெரு வந்திருக்கிறது என்று தெரிந்தவுடன், கோடுகளும் தடையும் அந்த ஆணையில் சேர்ந்திருக்கிறதா என்று பொறியாளரிடம் கேளுங்கள். விட்டுப்போன திருத்தங்களைச் சேர்க்கவும் அதுதான் நேரம். இயந்திரமும் ஆளும் எப்படியும் தெருவுக்கு வரத்தான் போகிறார்கள்.